வடக்கே வண்டி எடுக்கும் முன்

ஆக்லாந்துக்கு வந்து ஓராண்டு ஆனதும் எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு கிளம்பும். வேலை நிலைத்துவிட்டது, பிள்ளைகள் பள்ளியில் ஒட்டிக்கொண்டார்கள், ஜப்பானிலிருந்து வந்த பழைய டொயோட்டா ஒன்று வாசலில் நிற்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள். அவர்களை எங்கே கூட்டிப்போவது? பிள்ளைகளுக்குக் கடற்கரை வேண்டும், மனைவிக்குக் காடு வேண்டும், அப்பாவுக்குப் பழங்காலத்து இடம் ஏதாவது வேண்டும். மூன்றும் ஒரே பயணத்தில் வேண்டுமென்றால் வடக்கே போங்கள். நார்த்லாந்து முழுக்க அதுதான். எப்படிப் போவது என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். ஆக்லாந்திலிருந்து வடகோடியான கேப் ரெயிங்காவுக்குச் சுமார் 420 கிலோமீட்டர். "சென்னையிலிருந்து திருச்சி தாண்டிக் கொஞ்சம், அவ்வளவுதானே" என்று நம் ஆட்கள் உடனே கணக்குப் போடுவார்கள். நாலுவழிச் சாலைக் கணக்கு இங்கே செல்லாது. வார்க்வொர்த் வரைக்கும் 2023இல் திறந்த புதுச் சாலை வழுவழுவென்று போகும். அதற்கப்புறம் பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம். முன்னால் மரக்கட்டை லாரி, வளைவுக்கு மேல் வளைவு. எங்கும் நிற்காமல் ஓட்டினாலே ஆறு மணி நேரம். விடிகாலை கிளம்பி அன்று இரவே திரும்பிவிடலாம் என்று போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு, தெருவிளக்கே இல்லாத மலைச் சாலையில், பின்னால் எல்லாரும் தூங்க, ஓட்டுகிறவர் மட்டும் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வருவார். அது சுற்றுலா இல்லை, டெலிவரி.

குறைந்தது நாலு இரவு ஒதுக்குங்கள். போகும்போது மேற்குப் பக்கம்: மட்டகோஹே, டார்கவில், வைப்பொவா காடு, ஓபோனோனி, ராவெனேயில் காரோடு படகேறி அக்கரை, பிறகு கைடாயா. திரும்பும்போது கிழக்குப் பக்கம்: மாங்கோனுயி, கெரிகெரி, பைஹியா, ஃபாங்கரே. போன வழியிலேயே திரும்புவதாக இருந்தால் பாதி ஊரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். நாலு இரவு கிடைக்காதா? கேப் ரெயிங்காவை வெட்டிவிடுங்கள். காட்டோடும் ஒரு கடற்கரையோடும் திரும்புங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

2. தங்குமிடத்தை ஆகஸ்டிலேயே பிடியுங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை ஆக்லாந்தே காலியாகி வடக்கே போய்க் கிடக்கும். அந்த நாட்களில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கொல்லும். பிப்ரவரியில் போக முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். கூட்டம் போயிருக்கும், தண்ணீரும் கொஞ்சம் சூடேறியிருக்கும். "குளிர்காலமே இல்லாத வடக்கு" என்று இந்தப் பகுதிக்குப் பட்டப்பெயர் உண்டு. அதை நம்பி ராமேஸ்வரத்து வெதுவெதுப்பைத் தேடாதீர்கள். கோடையிலும் முதல் முழுக்கில் மூச்சு நின்று வரும்.

3. ஓட்டுகிறவர் கவனத்துக்கு. இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான், அந்தத் தெம்பில்தான் மற்றதைக் கோட்டை விடுவோம். ஒற்றைவழிப் பாலங்கள் நிறைய வரும். பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் எதிரே வருகிறவருக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். பின்னால் நாலைந்து வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்க இடம் வரும்போது ஒதுங்கி விட்டுவிடுங்கள், யாரும் உங்களை ஏளனமாக நினைக்க மாட்டார்கள். ஹாரன் அடிக்காதீர்கள், இங்கே அது வசைச்சொல். ஏழாவது பிறந்தநாள் வராத பிள்ளைக்கு அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கை கட்டாயம். "பாட்டி மடியில் உட்காரட்டும், பக்கம்தானே" என்ற பேச்சுக்கு இடமில்லை. சகோதரன் குடும்பம் வருகிறதென்று ஒரே காரில் எட்டுப் பேரை அடைக்காதீர்கள், வேன் எடுங்கள்.

மழை பெய்திருந்தால் கிளம்பும் காலையில் சாலைத் துறையின் தளத்தைப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் அடித்தபின் பிரிண்டர்வின் மலைச்சாலை மண்சரிவால் பல மாதம் மூடிக் கிடந்தது. கைடாயா பக்கத்து மங்கமுக்கா கணவாய் 2022இல் மூடியது, 2024 டிசம்பரில்தான் திறந்தது. கூகுள் காட்டுகிற வழியை மட்டும் நம்பிப் போனவர்கள் பாதிவழியில் சுற்றிக்கொண்டு போனார்கள். காட்டுக்குள் சிக்னலும் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. வைப்பொவா வளைவுகளுக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது. எலுமிச்சம்பழம் ஒன்று, சுக்கு மிட்டாய், நாலு பிளாஸ்டிக் பை. இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

5. சாப்பாடு. டார்கவிலில் சரவணபவன் இல்லை. ஃபாங்கரேயில் வடநாட்டு உணவகங்கள் உண்டு, அதற்கு மேலே போகப்போக மீனும் சிப்ஸும்தான். சைவக்காரர்களுக்குச் சிப்ஸ் மட்டும், அதுவும் மீன் பொரித்த அதே எண்ணெயில். ஆகவே முதல் நாளுக்குப் புளியோதரை, இரண்டாம் வேளைக்கு இட்லியை மிளகாய்ப்பொடி தடவி அடுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். தயிர்சாதத்தைப் பாலூற்றிப் பிசைந்து ஐஸ் பெட்டியில் வையுங்கள், கோடை வெயிலில் காருக்குள் இரண்டு மணி நேரத்தில் புளித்துப்போகும். அரிசி, பருப்பு, பொடிகளை ஆக்லாந்தின் சாண்ட்ரிங்ஹாம் கடைகளிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். சமையலறை உள்ள மோட்டலாகப் பார்த்துப் பிடித்தால் குக்கர் ஒன்று போதும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மோட்டல் அறையில் தாளிக்கிறபோது கடுகு பொரிந்து மிளகாய் கருகியதும் கூரையில் இருக்கும் புகை அலாரம் அலறும். பக்கத்து அறைக்காரர்கள் பைஜாமாவோடு வெளியே வந்து நிற்பார்கள். ஜன்னலை முழுக்கத் திறந்து, விசிறியைப் போட்டு, மிளகாயைக் கடைசியில் போடுங்கள். அல்லது தாளிப்பை வீட்டிலேயே முடித்து டப்பாவில் கொண்டுபோங்கள், அதுதான் உத்தமம்.

மட்டகோஹேக்கும் டார்கவிலுக்கும் நடுவே ருவாவாய் என்ற சமவெளி வரும். நாட்டில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு அதிகம் விளையும் பகுதி அது. குமரா என்பார்கள். சாலையோரம் ஆளில்லாத கொட்டகையில் பைகளை வைத்து, பக்கத்தில் ஒரு உண்டியல் பெட்டியும் இருக்கும். விலையைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொள்ள வேண்டியது. சில்லறை வைத்திருங்கள். சிவப்புத் தோல் கிழங்கு மாவுபோல் இருக்கும், வேகவைத்துச் சாப்பிட அதுதான் நல்லது. ஆரஞ்சு நிறத்தது தண்ணீர் கோத்துக்கொள்ளும். இந்தக் கிழங்கு மறுபடி வரும், ஞாபகத்தில் வையுங்கள்.

6. கடல். எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இந்த நாட்டின் மேற்குக் கரையும் கிழக்குக் கரையும் ஒன்றல்ல. மேற்கே பீஹா, கரேகரே, முரிவாய் எல்லாம் கறுப்பு மணல், பார்க்கக் கண்கொள்ளாது. மணலில் இரும்பு இருப்பதால் நடுப்பகலில் வெறுங்காலை வைத்தால் பொரிந்துவிடும். அலை அதைவிட மோசம். கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் பார்வைக்கு அமைதியாகத்தான் இருக்கும். அலை உடையாத அந்த இடத்தைத்தான் புதியவர்கள் பாதுகாப்பானது என்று தேர்ந்தெடுத்து இறங்குவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து சில மாதமே ஆனவர்கள் அப்படிப் போன செய்தி கோடைதோறும் பத்திரிகையில் வருகிறது. நம் பெயர்களும் வந்திருக்கின்றன.

சிவப்பும் மஞ்சளுமான கொடி இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். கொடி இல்லையென்றால் கணுக்கால் அளவோடு சரி. மெரினாவில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை, அங்கேயும் நாம் கால் நனைக்கத்தான் போனோம். இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது. உடம்பைத் தளர்த்தி மிதந்து, கையை உயர்த்திக் காட்டி, அது கொண்டுபோகிற போக்கில் போக வேண்டும். கொஞ்சதூரத்தில் அதன் வேகம் அடங்கிவிடும். பிள்ளைகளுக்கு இதைக் காரிலேயே சொல்லி ஒப்பிக்கச் செய்யுங்கள். பிள்ளையைக் காப்பாற்ற நீச்சல் தெரியாத அப்பா குதிப்பதுதான் இரட்டைச் சாவாக முடிகிறது. 111ஐ அழையுங்கள், மிதக்கிற பொருள் எதையாவது வீசுங்கள். பாறையில் நின்று மீன்பிடிக்கிறவர்கள் மிதவைச் சட்டை இல்லாமல் நிற்கவே வேண்டாம்.

குளிக்க வேண்டுமென்றால் கிழக்கே போங்கள். மாங்காவை, வைப்பூ கோவ், மடபோவ்ரி, கூப்பர்ஸ் பீச். உயிர்காப்பாளர்கள் நிற்கும் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் சுடாத நாளிலும் தோல் கருகும். கோடையில் புற ஊதாக்கதிர் இங்கே அவ்வளவு கடுமை. நமக்குத்தான் ஏற்கெனவே கறுப்புத் தோலாயிற்றே என்று சிரிக்கிறவர்கள் சாயங்காலம் தோளில் சட்டை படவிடாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

7. தொண்ணூறு மைல் கடற்கரை தொண்ணூறு மைல் இல்லை, 88 கிலோமீட்டர்தான். அதில் கார் ஓட்டலாம் என்பது உண்மை. நீங்கள் ஓட்டக்கூடாது என்பதும் உண்மை. வாடகைக் கார் ஒப்பந்தம் பெரும்பாலும் அனுமதிக்காது, சொந்தக் காரானால் அலை ஏறும் நேரம் தெரியாமல் மாட்டிக்கொள்வீர்கள். டே பாக்கி ஓடைப் பக்கம் புதைமணலும் உண்டு. கைடாயாவிலிருந்தோ பைஹியாவிலிருந்தோ போகும் பேருந்தில் ஏறுங்கள், மணல்குன்றில் சறுக்கவும் அவர்களே பலகை கொடுப்பார்கள்.

8. காட்டுக்குள் போகும்போது கால் சுத்தம். கோயிலுக்குள் போகையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவோம், இங்கே செருப்பைக் கழுவிவிட்டுப் போக வேண்டும். வைப்பொவாவில் டானே மஹுட்டா என்ற பெரிய கவுரி மரத்துக்குப் போகும் பாதையின் வாசலிலேயே அதற்கான இடம் இருக்கிறது. பிரஷ்ஷில் அடிப்பாகத்து மண்ணைத் தேய்த்தெடுக்க வேண்டும், பிறகு மருந்து தெளிக்கும் இடத்தில் மிதித்து நிற்க வேண்டும். பாட்டிமார் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தேய்ப்பதை வேடிக்கை பார்க்காமல் கைகொடுங்கள். வெளியே வரும்போதும் இதையே செய்ய வேண்டும். அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. கவுரி மரத்துக்கு மண்வழி பரவும் நோய் ஒன்று வந்திருக்கிறது. வேரைத் தாக்கி, மரத்துக்குத் தண்ணீர் ஏறாமல் செய்து, நின்ற நிலையிலேயே பட்டுப்போக வைக்கும். பூரண குணத்துக்கு மருந்து இல்லை. ஊசிமுனையளவு மண்ணே ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கு அதைக் கொண்டுபோகப் போதும். அதனால்தான் ஆக்லாந்தின் வைடாக்கெரே மலைக்காட்டில், அந்த மண்ணுக்குரிய டே கவெராவு அ மாக்கி மக்கள் 2017 டிசம்பரில் யாரும் உள்ளே போகக்கூடாதென்று தங்கள் மரபுப்படி தடை போட்டார்கள். மறு ஆண்டு மாநகராட்சியும் பெரும்பாலான பாதைகளை மூடியது. பின்னர் சீர்செய்து ஒவ்வொன்றாகத் திறந்து வருகிறார்கள். மூடிய பாதையின் கயிற்றைத் தாண்டி செல்ஃபி எடுக்கப் போகிறவர்களில் நம் பிள்ளைகள் இருக்கக் கூடாது.

இனி மரம். சாலையோரம் காரை நிறுத்தி ஐந்து நிமிட நடை. மரப்பலகை போட்ட பாதை, முட்டிவலிக்காரர்களும் போகலாம். திருப்பத்தில் முதலில் ஒன்றும் தெரியாது, சாம்பல் நிறச் சுவர் ஒன்று நிற்பதுபோல் இருக்கும். பிறகுதான் அது அடிமரம் என்று விளங்கும். சுற்றளவு 13.77 மீட்டர், உயரம் 51 மீட்டருக்கு மேல். கிளை பிரியும் இடத்தில் வேறு செடிகளும் கொடிகளும் தனிக் காடாக முளைத்திருக்கும். வயது 1,250 முதல் 2,500 ஆண்டு வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது. குறைந்த கணக்கை எடுத்தாலும் இந்த மரம் அதற்கு மூத்தது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், "என்னத்துக்கு ஒரு மரத்தைப் பார்க்க மூன்றரை மணி நேரம்" என்ற முணுமுணுப்பு நின்றுவிடும்.

வானத் தந்தையும் பூமித் தாயும் இறுகத் தழுவிக் கிடந்தபோது அவர்களைத் தள்ளிப் பிரித்து உலகுக்கு வெளிச்சம் கொண்டுவந்த மகன் டானே என்பது மாவோரிக் கதை. காட்டுக்கு அவரே தெய்வம். மரத்தைத் தொட வேண்டாம், பலகையை விட்டு இறங்க வேண்டாம். கவுரியின் உணவுவேர்கள் மேல்மண்ணிலேயே படர்ந்திருப்பவை, மிதித்தாலே நசுங்கும். இந்தக் காட்டுக்குரிய டே ரோரோவா மக்களில் யாராவது காவலுக்கு நின்றால் வணக்கம் சொல்லிப் பேச்சுக்கொடுங்கள். பலகையில் எழுதாததெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

பார்த்த கையோடு மட்டகோஹேயின் கவுரி அருங்காட்சியகத்தை நினைத்துக்கொள்ளுங்கள், போகும் வழியிலேயே அது வந்திருக்கும். வெட்டிய கதை முழுக்க அங்கே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் கப்பலுக்கும் வீட்டுக்கும் வெட்டித் தீர்த்தார்கள். வைப்பொவா 1952இல் காப்பகம் ஆனதால் மிஞ்சியது.

9. "பழங்கால இடிபாடு எங்கே?" இதுதான் அப்பாக்களின் கேள்வி. கெரிகெரியில் கல்கட்டடம் ஒன்றைக் காட்டி, நாட்டிலேயே பழைய கல்கட்டடம் இதுதான், 1830களில் கட்டியது என்பார்கள். நம் பெரியவர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊர் பஞ்சாயத்து ஆபீஸே அதைவிடப் பழசு என்று சொன்னவரும் உண்டு. மனிதர் இந்தத் தீவுகளில் குடியேறியதே சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்புதான். கோபுரமும் கல்தூணும் தேடினால் ஏமாற்றம்தான். இங்கே பழசு மண்ணில் வெட்டியிருக்கிறது, பார்க்கக் கொஞ்சம் பழக வேண்டும்.

அந்தப் பழக்கத்தை ஆக்லாந்திலேயே தொடங்கிவிடுங்கள், பெட்ரோல் செலவில்லை. மவுண்ட் ஈடன் என்கிற மௌங்காஃபாவ் குன்றின் மேல் சாயங்கால வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஏறுங்கள். சரிவெல்லாம் படிப்படியாக வெட்டியிருப்பது அப்போது நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். இயற்கையாக அமைந்த மேடுபள்ளம் என்றுதான் தினம் நடக்கிறவர்களே நினைக்கிறார்கள். அது மாவோரிகளின் கோட்டை ஊர், பா என்பார்கள். படிகளில் வீடுகள் இருந்தன. நீள்சதுரக் குழிகள் கிழங்குக் கிடங்குகள். வெப்பத் தீவுகளிலிருந்து கொண்டுவந்த குமரா இந்தக் குளிரில் தரையில் விட்டால் அழுகிவிடும் என்பதால் குழி வெட்டி, கூரை போட்டு, அடுத்த நடவு வரை காத்தார்கள். ருவாவாயில் வாங்கப்போகிற கிழங்கின் முன்னோர் சங்கதி இது. நடுவிலுள்ள எரிமலைக் கிண்ணத்துக்குள் இறங்காதீர்கள், அது அவர்களுக்குப் புனிதம்.

விமான நிலையம் பக்கம் ஓட்டுவாட்டுவா கல்வயல் இருக்கிறது. எரிமலைக் கல்லைப் பொறுக்கி வரப்பாக அடுக்கியிருக்கிறார்கள். பகல் வெயிலைக் கல் வாங்கிவைத்து இரவில் கிழங்குக்கு விடும். அம்மாவை வழியனுப்பப் போகிற நாளில்கூட அரைமணி நேரம் பார்க்கலாம்.

வடக்கே கவகவா ஊருக்குத் தெற்கில் உள்ள ருவாபெகபெகாவைத் தவறவிடாதீர்கள். கவிட்டி என்ற தலைவர் ஆங்கிலேயப் பீரங்கிகளுக்காகவே யோசித்துக் கட்டிய மண்கோட்டை. பதுங்குகுழிகள், ஒன்றோடொன்று இணைந்த அகழிகள், இரட்டைக் கழிவேலி. 1845 டிசம்பர் கடைசியில் முற்றுகை வந்தது, பீரங்கி முழங்கியது, 1846 ஜனவரி 11ஆம் தேதி படை உள்ளே புகுந்தது. கவிட்டியின் ஆட்கள் பின்பக்கமாகக் காட்டுக்குள் விலகிப் போனார்கள், அவர்களை முறியடிக்க முடியவில்லை. இப்போது புல்மூடிய பள்ளங்களும் ஒரு பழைய பீரங்கியும் இருக்கின்றன. கட்டபொம்மன் கதை கேட்டு வளர்ந்த அப்பாவுக்கு நீங்கள் விளக்கவே வேண்டாம், அவரே பள்ளத்தின் விளிம்பில் நின்று எந்தப் பக்கமிருந்து சுட்டிருப்பார்கள் என்று கையைக் காட்டிப் பேச ஆரம்பித்துவிடுவார். பிள்ளைகளை மேட்டில் ஏறிக் குதிக்க விடாதீர்கள், அங்கே இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

கவகவாவில் கழிப்பறைக்கு நில்லுங்கள். ஹுண்டர்ட்வாசர் என்ற ஆஸ்திரியக் கலைஞர் 1999இல் கட்டிக்கொடுத்தது. பாட்டில் சுவர், கோணல் தூண், கூரையில் புல். கழிப்பறையைப் புகைப்படம் எடுக்க ஊரே வரும்.

10. ஃபாங்கரே வழியாகத் திரும்பும்போது பிள்ளைகளுக்கு மணிக்கதை சொல்லுங்கள். 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி இந்தப் பகுதியில் மாவோரிகள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். அது பாத்திரமில்லை, விளிம்பு உடைந்த கப்பல் மணி. அதைச் சுற்றி எழுத்து. தமிழ் எழுத்து. முகையிதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்ற பொருளில் பொறித்திருக்கிறது. புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்ததாக அவர்கள் சொன்னார்களாம். இன்று அது வெலிங்டனில் டே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எப்படி இங்கே வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆளற்றுக் கடலில் அலைந்த கப்பலோடு வந்திருக்கலாம், வேறொரு கப்பலில் பண்டமாக வந்திருக்கலாம். "அன்றே தமிழன் நியூசிலாந்தை ஆண்டான்" என்று வாட்ஸ்ஆப்பில் வருவதைப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டாதீர்கள். நம் எழுத்தைப் பொறித்த ஒரு கப்பல் மணியில் இங்குள்ளோர் சமைத்தார்கள் என்பதே போதும். அதைக் கேட்ட பிள்ளை எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கக் கொஞ்சம் குறைவாக முரண்டுபிடிக்கும்.

11. கேப் ரெயிங்காவில் கட்டுச்சோற்றைப் பிரிக்காதீர்கள். இறந்தவரின் ஆவி அந்த முனையிலிருந்துதான் மூதாதையர் ஊருக்குப் புறப்படுகிறது என்பது மாவோரிகளின் நம்பிக்கை. அதனால் அங்கே சாப்பிடவும் குடிக்கவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். கலங்கரை விளக்கம் வரை நடந்து, டாஸ்மன் கடலும் பசிபிக்கும் மோதிக்கொள்ளும் நுரைக்கோட்டைப் பார்த்துவிட்டு, காருக்கு வந்து டபொட்டுபொட்டு குடாவுக்கு இறங்குங்கள். பந்தியை அங்கே போடலாம். கைடாயாவிலேயே பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

12. பெரியவர்களின் மருந்துச்சீட்டைக் கைப்பையில் வையுங்கள், டிக்கியில் அல்ல. வழுக்கி விழுந்து காயம் பட்டால் சுற்றுலா விசாவில் வந்தவருக்கும் அரசின் விபத்துக் காப்பீடான ஏசிசி சிகிச்சைச் செலவுக்குக் கைகொடுக்கும். நெஞ்சுவலிக்கும் சர்க்கரைக்கும் கொடுக்காது. காப்பீடு எடுக்காமல் அப்பாவை விமானமேற்றாதீர்கள்.

13. சில்வர்டேலுக்கு வடக்கே சுங்கச்சாலை ஒன்று உண்டு. சாவடி கிடையாது, கேமரா நம்பர் பிளேட்டைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கடந்து ஐந்து நாளுக்குள் இணையத்தில் கட்டிவிடுங்கள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. வந்த அலுப்பில் மறந்தால் கூடுதல் கட்டணத்தோடு கடிதம் வரும்.